அம்மாவின் ஆஸ்பத்திரி பில் பூஜ்யம் ஆகிவிட்டது. சரி, அந்தப் பணத்தை யார் கட்டினார்கள்?

எடிசன்_குடந்தை கேட்டது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா மார்ச்சில் கும்பகோணத்திலிருந்து நியூ ஜெர்சி வந்தார். ஆறு மாதத்துக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று விசா நீட்டிப்புக்கு மனு போட்டேன், டிக்கெட்டை மாற்றினேன், இன்சூரன்ஸை நீட்டிக்க மட்டும் மறந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் திட்டியாகிவிட்டது. நீங்களும் திட்டினால் இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் வயிற்று வலி என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் ஜுரம், உடம்பு தூக்கிப் போடுகிறது. எமர்ஜென்சிக்கு ஓடினோம். பித்தப்பையில் கல், சீழ் பிடித்துவிட்டது, விடிந்ததும் ஆபரேஷன், ஐந்து ராத்திரி படுக்கை. வாசலில் இருந்த பெண் பெயர், பிறந்த தேதி கேட்டாள், இன்சூரன்ஸ் உண்டா என்றாள், இல்லை என்றேன், "செல்ஃப் பே" என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நம் ஊரில் என்றால் "கவுன்ட்டரில் அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடுங்க சார்" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து பில் வந்தது. 94,318 டாலர்.

பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். நிதி ஆலோசகர் என்று ஒரு அம்மா பேசினார், விண்ணப்பம் அனுப்பினார். அம்மாவுக்கு வருமானம் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் மட்டும், மாதம் 19 ஆயிரம் ரூபாய். பாஸ்புக் பக்கங்களை ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் விளக்கி அனுப்பினேன். ஐந்து வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு கடிதம், பாக்கி 0.00. மூன்று தடவை படித்தேன்.

ஆனால் மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன் பார்த்த டாக்டர், எமர்ஜென்சி டாக்டர் என்று மூன்று பேரிடமிருந்து தனித்தனி பில், மொத்தம் 4,300 டாலர். அது இன்னும் நிற்கிறது.

இதை ஆபீஸில் சொன்னபோது கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்க அம்மா பில்லை நாங்கதான் எங்க பிரீமியத்துல கட்டுறோம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனாலும் சுருக்கென்று இருந்தது. என் கேள்வி இதுதான். இன்சூரன்ஸ் இல்லாதவருக்குப் பார்த்த வைத்தியத்துக்கு உண்மையில் யார் பணம் கொடுக்கிறார்கள்? அரசாங்கமா, மற்ற நோயாளிகளா, இல்லை ஆஸ்பத்திரிக்கு நஷ்டமா?


பில்லிங்_பாண்டி எழுதியது:

அம்மா இப்போது நலம்தானே? அதை எழுதவே இல்லையே.

நான் இர்விங், டெக்சாஸ். 14 வருடமாக ஆஸ்பத்திரி பில்லிங், கணக்கு இந்தப் பக்கம்தான் பிழைப்பு. முதலில் அந்த 94,318-ஐ மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். அது தி. நகர் கடையில் புடவையில் ஒட்டியிருக்கும் விலை மாதிரி, ஆடித் தள்ளுபடி போடுவதற்காகவே ஒட்டுகிற விலை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு விலைப் பட்டியல் உண்டு, சார்ஜ்மாஸ்டர் என்போம், ஊசி முதல் ஆபரேஷன் தியேட்டர் நிமிடக் கணக்கு வரைக்கும் அதில் இருக்கும். அந்த விலையை மெடிக்கேர் (முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கொடுக்காது, மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ்) கொடுக்காது, பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியும் கொடுக்காது. முழு விலை எழுதிய காகிதம் கையில் கிடைக்கிற ஒரே ஆள் இன்சூரன்ஸ் இல்லாதவர்தான். கொடுமை அது.

பட்டியல் விலைக்கும் உண்மைச் செலவுக்கும் ஒரு விகிதம் போட்டு வைத்திருப்போம். நான் பார்த்த இடங்களில் கால் பங்கு, சில இடங்களில் அதற்கும் கீழே. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு ஆன செலவு சுமார் 23 ஆயிரம். அதிலும் பெரும்பகுதி நர்ஸ் சம்பளம், கட்டடம், மெஷின். அம்மா வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. அம்மாவுக்காகவே தனியாகச் செலவானது மருந்தும் தியேட்டர் சாமான்களும்தான்.

ஏன் வாசலில் காசு கேட்கவில்லை என்றால் 1986-ல் வந்த எம்டாலா சட்டம். அதற்கு முன்னால் காசில்லாத நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வருவது இங்கே சர்வசாதாரணம், சிகாகோவின் குக் கவுன்டி ஆஸ்பத்திரி டாக்டர்கள் அதைக் கணக்கெடுத்து வெளியிட்ட பிறகு பெரிய சத்தமாகி, ரீகன் கையெழுத்துப் போட்டார். மெடிக்கேர் பணம் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை பார்த்தாக வேண்டும், இன்சூரன்ஸ் விசாரிப்பதற்காகத் தாமதிக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. பார் என்றார்கள், யார் கொடுப்பது என்று சொல்லவில்லை. உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரே பையிலிருந்து வருவதில்லை. அம்மா பெயரில் யாரும் செக் அனுப்பவில்லை. பல வாய்க்கால்.

பெரியது டிஷ். சாப்பிடுகிற டிஷ் இல்லை, ஏழை நோயாளிகளை அதிகமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கேரும் மெடிக்கெய்டும் தனித்தனியாகக் கொடுக்கிற கூடுதல் பணம், எழுத்துகளைச் சேர்த்து டிஷ் என்று சொல்லிப் பழகிவிட்டது. 1980களிலிருந்து வருகிறது. ஒபாமா கொண்டுவந்த இன்சூரன்ஸ் சட்டத்துக்குப் பிறகு, 2014 நிதியாண்டிலிருந்து, மெடிக்கேர் பக்கத்து டிஷ்ஷில் கால் பங்கு பழைய கணக்குப்படி, மீதி ஒரு குளத்தில் போய் விழும். நாட்டில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் குறைந்தால் குளமும் வற்றும். அந்தக் குளத்திலிருந்து யாருக்கு எவ்வளவு என்பதற்கு நாங்கள் வருடா வருடம் எஸ்-10 என்று ஒரு தாள் நிரப்புகிறோம். உங்கள் அம்மா அந்தத் தாளில் ஒரு வரியில் கரைந்திருப்பார். அதை நிரப்புகிற வாரத்தில் என் வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள்.

அடுத்தது மாநிலப் பணம். உங்கள் நியூ ஜெர்சியில் சாரிட்டி கேருக்கென்றே, அதாவது காசில்லாதவருக்குத் தள்ளுபடியில் பார்க்கிற வைத்தியத்துக்கென்றே, மாநில அரசு நிதி ஒதுக்கி ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கு பிரிக்கிறது, முழுச் செலவையும் அது ஈடு கட்டாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல மாநிலங்களில் ஆஸ்பத்திரிகளே மாநிலத்துக்கு வரி கட்டும், மாநிலம் அந்தப் பணத்தைத் தன் பங்காகக் காட்டி வாஷிங்டனிடம் அதற்கு மேல் வாங்கும், இரண்டும் சேர்ந்து மெடிக்கெய்ட் பணமாக ஆஸ்பத்திரிக்கே திரும்பும். கையிலிருந்து பைக்கு, பையிலிருந்து கைக்கு, நடுவில் தொகை மட்டும் வளரும்.

எங்கள் ஊர்க் கதை வேறு. டல்லாஸ் கவுன்டியில் யாராவது வீடு வைத்திருந்தால் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், பள்ளிக்கூடம், நகராட்சி என்று வரிசையாக வரும், நடுவில் பார்க்லண்ட் ஆஸ்பத்திரி என்று ஒரு வரி இருக்கும். ஹூஸ்டன்காரர்களுக்கு ஹாரிஸ் கவுன்டி ஆஸ்பத்திரி மாவட்டம் என்று இருக்கும். இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் நாட்டிலேயே அதிகம் டெக்சாஸில்தான், ஒபாமா சட்டப்படி மெடிக்கெய்டை இன்னும் அதிகம் பேருக்கு விரிவாக்காத பத்து மாநிலங்களில் நாங்களும் ஒன்று. அதனால் இந்தச் சுமையில் பெரிய பங்கு வீட்டு வரியில் வந்து நிற்கிறது. குறைந்த பட்சம் சீட்டிலாவது எழுதியிருக்கிறார்களே.

இன்னொன்று 340பி. 1992-லிருந்து இருக்கிறது. ஏழை நோயாளிகள் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் வருகிற ஆஸ்பத்திரிகளுக்கு, வெளிநோயாளி மருந்துகளை மருந்துக் கம்பெனிகள் தள்ளுபடியில் விற்க வேண்டும். ஆஸ்பத்திரி அதை இன்சூரன்ஸ் உள்ள நோயாளிக்குப் போட்டு வழக்கமான விலை வாங்கிக்கொள்ளலாம். வித்தியாசம் ஆஸ்பத்திரிக்கு. அது ஏழைகளுக்குத்தான் போகிறதா என்பது நீண்ட சண்டை, இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு விழுகிற ஓட்டையை இன்சூரன்ஸ் உள்ள நோயாளிகளிடம் வருகிற லாபத்திலிருந்து அடைக்கிறோம். உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல். உங்கள் அம்மாவின் பில் சாரிட்டி கேர் என்று பதிவாகும். அதாவது வருமானமாகவே கணக்கில் ஏறாது, அடிக்குறிப்பில் செலவு மட்டும் வரும். நீங்கள் போன் போடாமல் இருந்திருந்தால் அதே பில் வாராக்கடன் பக்கம் போய், வசூல் ஏஜென்சிக்குப் போயிருக்கும். ஒரே நோயாளி, ஒரே ஆபரேஷன், ஒரு போன்தான் வித்தியாசம்.


மதுரைக்காரி எழுதியது:

பாண்டி அண்ணா, இது நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மாதிரிதானே? காசு உள்ளவர் கட்டுகிறார், இல்லாதவருக்கு இலவசம். என் பாட்டிக்கு இரண்டு கண்ணும் அங்கேதான், ஒரு ரூபாய் வாங்கவில்லை.


பில்லிங்_பாண்டி எழுதியது:

பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வேறு தங்கச்சி. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தபோதே இலவசம் என்பது திட்டத்தின் நடுவில் இருந்தது, அதற்காகவே ஒரு ஆபரேஷனின் செலவை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். காசு கட்டுகிறவர் கட்டுவதும் பெரிய தொகை இல்லை. உங்கள் பாட்டியிடம் யாரும் பாஸ்புக் கேட்டிருக்க மாட்டார்கள், எந்தப் பக்கம் போவது என்பது அவர் இஷ்டம். இங்கே முதலில் 94 ஆயிரத்துக்குக் காகிதம் அனுப்பி ஆளைப் பயமுறுத்திவிட்டு, பயந்தவர் சரியான எண்ணுக்குப் போன் செய்தால் பூஜ்யம் ஆக்குகிறோம். என் சம்பளமே அந்த நடுவில் இருக்கிற காகிதத்திலிருந்துதான் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


கணக்கு_வாத்தி எழுதியது:

பாண்டி சார் எழுதியதில் வாய்க்கால் எல்லாம் சரி. கடைசி வாய்க்காலில்தான் எனக்குச் சண்டை. "ஓட்டையை இன்சூரன்ஸ் உள்ளவர் மேல் ஏற்றுகிறோம்" என்று ஆஸ்பத்திரிகள் நாற்பது வருடமாகச் சொல்லி வருகின்றன, கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஆஸ்பத்திரியால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விலையை ஏற்ற முடியும் என்றால், ஏழை நோயாளி வரும்வரை ஏன் காத்திருக்கும்? முந்தின நாளே ஏற்றியிருக்கும். தனியார் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் விலை மெடிக்கேர் விலையைப் போல் சராசரியாக 254 சதவீதம், இது ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2022-க்குப் போட்ட கணக்கு. இந்த விலை எங்கே அதிகம் என்று பார்த்தால் ஏழைகள் அதிகம் வருகிற இடத்தில் இல்லை, போட்டி இல்லாத இடத்தில். ஊரில் இருக்கிற நாலு ஆஸ்பத்திரியையும் ஒருவரே வாங்கிவிட்ட இடத்தில். ஆக, எடிசன் நண்பரே, உங்கள் ஆபீஸ்காரரின் பிரீமியம் ஏறியதற்கு உங்கள் அம்மாவின் பித்தப்பை காரணம் இல்லை. 2024-ல் கம்பெனி வழி குடும்ப இன்சூரன்ஸ் சராசரி 25,572 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் எல்லாம் சேர்ந்து 2020-ல் காசு வராமல் பார்த்த வைத்தியம், சாரிட்டியும் வாராக்கடனும் சேர்த்து, அவர்கள் சங்கத்தின் கணக்குப்படியே 4,267 கோடி டாலர். பெரிய தொகைதான், ஆனால் ஆஸ்பத்திரிகளின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய பங்கு.

அப்படியானால் யார் தலையில் விழுகிறது? மூன்று பொருளாதாரக்காரர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், ஆஸ்பத்திரிகள்தான் கடைசிப் புகலிடமான இன்சூரன்ஸ் என்பது அதன் சாரம். ஒரு ஊரில் இன்சூரன்ஸ் இல்லாதவர் ஒருவர் கூடினால் அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வருடத்துக்குச் சுமார் 800 டாலர் வராத வைத்தியம் கூடுகிறது, அதை முழுக்க மற்றவர்கள் மேல் தள்ள முடியாமல் ஆஸ்பத்திரியின் லாபமும் குறைகிறது என்று கண்டார்கள். லாபம் உள்ள இடம் தாங்கும். லாபமே இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரி பிரசவ வார்டை மூடும், அப்புறம் கதவையே மூடும். 2010-க்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட கிராமத்து ஆஸ்பத்திரிகள் அப்படிப் போய்விட்டன, இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்றாலும். அங்கே உண்மையில் விலை கொடுப்பவர் நிறைமாதத்தில் ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிற பெண், அவருக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் பாதிக்கு மேல் லாப நோக்கமற்றவை, வருமான வரி கிடையாது, சொத்து வரி கிடையாது. இந்த வரிவிலக்கின் மதிப்பு 2020-ல் சுமார் 2,800 கோடி டாலர், அதே வருடம் அவை செய்த சாரிட்டி கேர் 1,600 கோடி என்று கெய்சர் குடும்ப அறக்கட்டளை கணக்கிட்டது. இல்லினாயில் ப்ரொவினா காவனன்ட் என்ற ஆஸ்பத்திரிக்கு வருமானத்தில் 0.7 சதவீதம்தான் சாரிட்டி என்று தெரிந்து சொத்து வரிவிலக்கை மறுத்தார்கள், 2010-ல் மாநில உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அப்புறம் என்ன, மாநிலம் சட்டத்தையே மாற்றி விலக்கை எளிதாக்கிவிட்டது. ஆகவே அம்மாவின் பில்லை யார் கட்டினார்கள் என்றால், எனக்குப் பிடித்த பதில்: அந்த ஆஸ்பத்திரி கட்டாத வரி.


பில்லிங்_பாண்டி எழுதியது:

வாத்தி, உங்கள் சராசரி எல்லாம் சரிதான், சராசரிக்குச் சம்பளம் போட வேண்டியதில்லை. நான் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாதக் கடைசியில் எந்தக் கடைக்காரருக்கு முதலில் பணம் அனுப்புவது என்று சீட்டுப் போடாத குறை. வரிவிலக்குக் கணக்கில் மெடிக்கெய்ட் குறைவாகக் கொடுக்கிற நஷ்டத்தைச் சேர்க்கவில்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்களைப் பற்றிச் சொன்னதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. லாபியில் பியானோ வைக்கிற இடங்களை எனக்கும் தெரியும்.


நைட்_ஷிஃப்ட்_நர்ஸ் எழுதியது:

நீங்கள் எல்லாரும் டாலரில் பேசுகிறீர்கள். நான் பொட்டாசியத்தில் சொல்கிறேன்.

ஹூஸ்டன் எமர்ஜென்சியில் ஆறு வருடம் இருந்தேன். சிறுநீரகம் போனவருக்கு வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் வேண்டும். அமெரிக்கர் என்றால் வயது எதுவானாலும் பெரும்பாலும் மெடிக்கேர் கொடுத்துவிடும். ஆவணம் இல்லாமல் இங்கே இருபது வருடமாகக் கூரை வேய்கிறவருக்குக் கிடையாது. ஆனால் உயிராபத்து என்றால் எமர்ஜென்சியில் பார்த்தாக வேண்டும், பாண்டி சார் சொன்ன அதே சட்டம். அதனால் என்ன நடக்கும் தெரியுமா? உடம்பு வீங்கி, மூச்சு வாங்க, ராத்திரி வந்து உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் எடுப்போம், ஈசிஜி எடுப்போம். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது போதுமான அளவுக்கு ஏறியிருந்தால் டயாலிசிஸ். ஏறவில்லை என்றால் "இன்னும் எமர்ஜென்சி ஆகவில்லை", வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வாருங்கள். வாசலுக்கு வருவதற்கு முன்னால் ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். எண் ஏற வேண்டும் என்று. ஏறினால் இதயம் நின்றுவிடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒருவர், பெயர் வேண்டாம், என்னிடம் ரிசல்ட் வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், 5.4 என்றேன், பரீட்சையில் ஃபெயில் ஆன பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இதில் யாருக்கும் காசு மிச்சம் ஆகவில்லை. எமர்ஜென்சி, ஐசியூ என்று வந்து வந்து போவது ஒழுங்காக வாரம் மூன்று தடவை செய்வதைவிடச் செலவு அதிகம், இறப்பும் அதிகம், இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கொலராடோ 2019-ல் எமர்ஜென்சி மெடிக்கெய்டின், அதாவது ஆவணம் இல்லாதவருக்கும் எமர்ஜென்சிக்கு மட்டும் கிடைக்கிற மெடிக்கெய்டின், வரையறையை மாற்றி, இவர்களுக்கும் முறையான டயாலிசிஸ் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வரி மாற்றம். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு யார் கட்டுகிறார்கள் என்று கேட்டீர்களே, எமர்ஜென்சிக்கு எப்படியாவது யாராவது கட்டிவிடுகிறார்கள். எமர்ஜென்சி ஆகாமல் பார்த்துக்கொள்ள யாரும் கட்டுவதில்லை.


பால்டிமோர்_பாலு எழுதியது:

எங்கள் மேரிலாந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே 1970களிலிருந்து ஆஸ்பத்திரி விலையை ஒரு மாநில ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. யார் கட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே விலை, மெடிக்கேரும் சேர்த்து. அந்த விலைக்குள்ளேயே காசில்லாதவருக்கான பங்கைச் சேர்த்துவிடுகிறார்கள். ஏழைகள் குறைவாக வருகிற ஆஸ்பத்திரி ஒரு பொது நிதிக்குக் கொடுக்கும், அதிகமாக வருகிற ஆஸ்பத்திரி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆக இங்கே "எங்க பிரீமியத்துல கட்டுறோம்" என்று ஒருவர் சொன்னால் அது உண்மை, ஆனால் அது குத்தல் இல்லை, சட்டம். மற்றபடி இங்கேயும் வாராக்கடனுக்குக் கோர்ட்டுக்குப் போன ஆஸ்பத்திரிகள் உண்டு, சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம்.


எடிசன்_குடந்தை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மா நலம், பாண்டி சார். நேற்று வத்தக்குழம்பு வைத்தார், எண்ணெய் குறைவாக. நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

வாத்தி சொன்ன வரி விஷயத்தை ஆபீஸில் சொன்னேன். "அப்படின்னா நான் கட்டுற வரியும் அதுல இருக்கே" என்கிறார். சரி, உன் வரி, என் வரி, இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம் என்று வைத்துக்கொள் என்றேன். இப்போது அந்த 4,300 பற்றி யாராவது சொல்லுங்கள். ஆஸ்பத்திரி தள்ளுபடி செய்த பிறகு இவர்கள் மட்டும் எப்படிக் கேட்கலாம்?


பில்லிங்_பாண்டி எழுதியது:

கேட்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். அந்த மூன்று டாக்டர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களாக இருக்க மாட்டார்கள், தனிக் கம்பெனி. ஒபாமா சட்டத்தில் 501ஆர் என்று ஒரு பிரிவு, லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி எல்லாம் உதவிக் கொள்கையை எழுத்தில் வைத்து, பில்லிலேயே அதைத் தெரியப்படுத்த வேண்டும், முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும், முதல் 120 நாளுக்குக் கோர்ட், சம்பளப் பிடித்தம் மாதிரி வேலைகளில் இறங்கக் கூடாது. அது ஆஸ்பத்திரியைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் அதே கொள்கையோடு ஒரு பட்டியல் இருக்க வேண்டும், உள்ளே வைத்தியம் பார்க்கிற டாக்டர்களில் யார் யாருக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று. அதைக் கேட்டு வாங்குங்கள். மூவரில் ஒருவர் பொருந்துகிற பக்கம் இருந்தாலும் லாபம்.

மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த அந்தப் பூஜ்யக் கடிதத்தின் நகலை அனுப்பி, இதே தகுதியை ஏற்றுக்கொள்வீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பல கம்பெனிகள் ஏற்றுக்கொள்வார்கள், அவர்களுக்கும் இந்தக் கடனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. பழைய மருத்துவக் கடனை நூறு டாலருக்கு ஒரு டாலர் என்கிற கணக்கில் விற்கிறார்கள், அப்படி வாங்கி ரத்து செய்வதற்கென்றே ஒரு அறக்கட்டளை இருக்கிறது, ஆரம்பித்தவர்களே பழைய கடன் வசூல்காரர்கள்தான். அதுவரை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள். கார்டில் போட்ட நிமிடமே அது மருத்துவக் கடன் இல்லை, சாதாரணக் கடன், எந்தச் சலுகையும் கிடையாது. உங்கள் பெயரில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் பாருங்கள். போடவில்லை என்றால் அது அம்மாவின் கடன், உங்களுடையது இல்லை.


எடிசன்_குடந்தை எழுதியது:

ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு டேப்லெட்டை நீட்டி நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எதில் போட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.


பில்லிங்_பாண்டி எழுதியது:

அந்த நகலையும் கேட்டு வாங்குங்கள். கடவுளைவிட ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் சீக்கிரம் பதில் சொல்லும்.


கணக்கு_வாத்தி எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2034-க்குள் இன்னும் ஒரு கோடிப் பேருக்கு இன்சூரன்ஸ் போகும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் சொல்கிறது. பாண்டி சார் சொன்னாரே, ஆஸ்பத்திரி வரி கட்டித் திரும்ப வாங்குகிற வாய்க்கால், அதன் உச்சவரம்பையும் மெடிக்கெய்ட் விரிவாக்கிய மாநிலங்களில் 6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.5-க்கு இறக்குகிறார்கள். நியூ ஜெர்சியும் அதில் வரும். வருகிறவர் கூடுவார், வாய்க்கால் குறுகும். அடுத்த வருடம் இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் எழுத வேண்டியிருக்கலாம்.


சேலம்_சியாட்டில் எழுதியது:

முழுத் திரியும் படித்தேன், அருமை. என் மாமனார் மாமியார் அடுத்த மாதம் வருகிறார்கள், மாமாவுக்குச் சர்க்கரை, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எந்த விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கலாம்?


பில்லிங்_பாண்டி எழுதியது:

தனித் திரி போடுங்க தம்பி. போடும்போது முடியும் தேதியையும் காலண்டரில் போட்டு வையுங்கள்.